இரண்டு படைகளைக் காக்க வைத்த ரஞ்சன்குடி கோட்டை

திருச்சியில் இருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரைத் தாண்டியதும் ஒரு கற்கோட்டை கண்ணில் படும். அதுதான் ரஞ்சன்குடி கோட்டை.

பஸ்சில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதோடு சரி. ஆனால் 1751-ம் ஆண்டில் இரண்டு பெரிய படைகள் இந்தக் கோட்டைத் தலைவரின் ஒரு வார்த்தைக்காகக் காத்துக் கிடந்தன!

எல்லையில் ஒரு பூட்டு

ஆற்காடு நவாபுக்குக் கட்டுப்பட்ட ஜாகீர்தார் ஒருவர் 17-ம் நூற்றாண்டில் இதைக் கட்டினார் என்கிறார்கள். அரசருக்குப் படை உதவி செய்து, அதற்கு ஈடாக ஒரு பகுதியின் வரியை அனுபவிப்பவர்தான் ஜாகீர்தார்.

வடக்கே ஆற்காடு. தெற்கே திருச்சி. இரண்டுக்கும் நடுவே செல்லும் பாதையில் இந்தக் கோட்டை. தலைநகரில் இருக்கும் நவாபை இங்குள்ள குடியானவன் பார்த்திருக்க மாட்டான். கோட்டையைத்தான் தினமும் பார்ப்பான். வரி கேட்பவர் யார் என்பதை மதிலே சொல்லிவிடும். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டும் 13-ம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டை அடக்க இதே வழியைத்தான் பின்பற்றினார். வரிசையாகக் கோட்டைகளை எழுப்பினார்.

ரஞ்சன்குடியில் சுற்றிலும் அகழி. பாறை மேல் அடுக்கடுக்காக மூன்று மதில்கள். மதிலில் அரை வட்டமாகத் துருத்திக்கொண்டு நிற்கும் கொத்தளங்கள். சுவரை ஒட்டி வரும் எதிரியைப் பக்கவாட்டில் இருந்து சுடுவதற்காகவே இந்த வளைவு.

தலைவரின் தந்திரம்

நவாப் அன்வருதீன் 1749-ல் ஆம்பூர் போரில் மாண்டார். பட்டத்துக்கு அவர் மகன் முகமது அலியும், சந்தா சாகிப்பும் போட்டியிட்டனர். மகனுக்கு ஆங்கிலேயர் துணை. சந்தா சாகிப்புக்குப் பிரெஞ்சுக்காரர் துணை.

1751-ல் இரு தரப்பும் இங்கே வந்து சேர்ந்தன. பக்கத்தில் உள்ள வாலிகண்டபுரத்தின் பெயரால், ஆங்கிலேயர் இந்த இடத்தை "வாலிகொண்டா" என்றார்கள்.

"கோட்டையை எங்களிடம் கொடு" என்று இருவரும் தூது விட்டனர். தலைவர் இவருக்கும் இல்லை என்று சொல்லவில்லை; அவருக்கும் சரி என்று சொல்லவில்லை. ஜெயிக்கிறவர் யார் என்று தெரியட்டும் என்று நாளைக் கடத்தினார். கெட்டிக்காரர்தான்!

பொறுமை இழந்தார் ஆங்கிலத் தளபதி ஜிஞ்சன். இரவில் பேட்டைக்குள் படையை ஏவினார். பேட்டை தீப்பற்றி எரிந்தது. பாவம், வீடு இழந்தவர்கள் பட்டத்துக்குப் போட்டியிட்டவர்கள் அல்ல.

மேலே இருந்த கோட்டையை மட்டும் பிடிக்க முடியவில்லை. கோபம் கொண்ட தலைவர் சந்தா சாகிப்பின் பக்கம் சாய்ந்தார். பிரெஞ்சுப் படை நெருங்கியதும் ஆங்கிலச் சிப்பாய்கள் பீதி அடைந்து ஓடினர். ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கினர்.

ஓடியவர்களைத் தடுக்க முயன்று தோற்றவர்களில் ஓர் இளைஞரும் இருந்தார். பெயர் ராபர்ட் கிளைவ். அதே ஆண்டில் அவர் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கி நின்றார். இந்தத் தடவை மதிலுக்கு உள்ளே இருந்தவர் அவர்!