உங்களுக்குத் தெரியுமா? – போர்க்காலமும் பொள்ளாச்சி மண்ணும்

நாட்டுக்காகச் சீருடை அணிந்தவர்களும், அரசைக் கேள்வி கேட்டுச் சிறைக்குப் போனவர்களும் ஒரே மண்ணில் பிறந்தவர்கள்தாம். நம் வட்டாரத்துக் கதையே இதற்குச் சாட்சி.

★ சூலூர் என்றதும் இன்று விமானப்படைத் தளமும் தேஜஸ் விமானமும் நினைவுக்கு வருகின்றன. 1942 ஆகஸ்ட் 26 அன்று அதே சூலூரில், வெள்ளையர் அரசின் ராணுவ விமானதளத்துக்கு 'வெள்ளையனே வெளியேறு' போராட்டக்காரர்கள் தீ வைத்தார்கள். அன்றைய அரசுக்கு அவர்கள் குற்றவாளிகள். நமக்கு அவர்கள் தியாகிகள்.

★ போருக்கு எதிராகப் பேசினாலே சிறை என்ற காலமும் இருந்தது. 1940இல் காந்தியடிகள் தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கினார். தொண்டர்கள் ஒவ்வொருவராக வந்து, போருக்கு உதவக்கூடாது என்று பேசிக் கைதானார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ராஜாஜியும் கைதாகி ஓராண்டுத் தண்டனை பெற்றார்.

★ பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1910இல் பிறந்தவர் சி. சுப்பிரமணியம். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942இல் வெள்ளையர் அரசு அவரைச் சிறையில் அடைத்தது. 1979இல் அவரே இந்தியாவின் பாதுகாப்புத் துறை அமைச்சரானார்.

★ உடுமலை அருகே அமராவதிநகரில் சைனிக் பள்ளி தொடங்கிய நாள் 1962 ஜூலை 16. மூன்றே மாதத்தில் சீனப் போர் மூண்டது. அன்றுமுதல் இன்றுவரை நம் பிள்ளைகள் படை அதிகாரிகளாவதற்கு அந்தப் பள்ளி வழிகாட்டி வருகிறது.

★ அதே 1962இல் விலைவாசி உயர்வை எதிர்த்துப் போராடிய அண்ணா வேலூர்ச் சிறையில் இருந்தார். சீனப் படையெடுப்பு நேர்ந்ததும் கட்சி வேறுபாட்டை ஒதுக்கிவைத்து நாட்டின் பாதுகாப்புக்குத் துணைநின்றார். திராவிட நாடு கோரிக்கையையும் பின்னர் தி.மு.க. கைவிட்டது. 1963இல் வந்த 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காக்கப் பேச்சுரிமைக்கு வரம்பு விதிக்கலாம் என்றது.

★ 1965 பிப்ரவரி 11. இந்தித் திணிப்புக்கு எதிராகத் தமிழகம் கொந்தளித்தபோது, மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகுவதாக சி. சுப்பிரமணியம் அறிவித்தார். அவருடன் ஓ.வி. அளகேசனும் விலகல் கடிதம் கொடுத்தார். மறுநாள், பிப்ரவரி 12, சி.எஸ். பிறந்த பொள்ளாச்சிப் பகுதியிலேயே போராட்டக்காரர்கள் மீது ராணுவம் துப்பாக்கிச் சூடு நடத்தியது. எல்லையைக் காக்க வேண்டிய துப்பாக்கி சொந்த மக்களை நோக்கித் திரும்பியது. நம் ஊர் மறக்கக்கூடாத நாள் அது.

★ நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 16 அன்று, கலைஞர் கைதாகிப் பாளையங்கோட்டைச் சிறையில் தனிமையில் அடைக்கப்பட்டார். பாய்ந்தது எந்தச் சட்டம் தெரியுமா? சீனப் போரின்போது கொண்டுவந்த இந்தியப் பாதுகாப்பு விதிகள்! அந்நியப் படையெடுப்புக்காக இயற்றியதை மொழிப் போராட்டத்தின் மேல் ஏவினார்கள்.

★ சீனப் போர் ஒரே மாதத்தில் ஓய்ந்தது. அதற்காக அறிவித்த நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1971 டிசம்பர் போர் 13 நாளில் முடிந்தது. அதற்காக அறிவித்த நெருக்கடி நிலையை விலக்க 1977 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போர் முடிந்தாலும் போர்க்காலச் சட்டம் எளிதில் போவதில்லை.

★ அமெரிக்காவிலும் இதே கதைதான். முதல் உலகப் போருக்கு எதிராகப் பேசியதற்காக 1918இல் யூஜின் டெப்ஸ் என்ற தலைவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். 1920இல் சிறையில் இருந்தபடியே குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, 9 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்றார்.

★ நம் படையில் கட்டாயச் சேர்ப்பு கிடையாது. எல்லோரும் விரும்பிச் சேர்ந்தவர்கள். படையில் கட்டுப்பாடு வேண்டும் என்பதால், வீரர்களின் உரிமைகளைக் குறைக்க அரசியல் சட்டத்தின் 33ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் வாக்குரிமை அவர்களுக்கும் உண்டு. வாய்திறக்க முடியாத அந்த வீரருக்காகவும் கேள்வி கேட்க வேண்டியது குடிமக்களாகிய நாம்தான்.

★ பட்ட பாட்டிலிருந்து நாடு பாடமும் கற்றது. 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தத்தின்படி, போரே மூண்டாலும், நெருக்கடி நிலையே வந்தாலும் உயிர் வாழும் உரிமையை நிறுத்திவைக்க முடியாது.

1965ஐக் கண்ணால் கண்டவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். உங்கள் வீட்டில், உங்கள் வீதியில் அப்படி ஒரு தாத்தாவோ அம்மிச்சியோ இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.