பார்த்தால் மரம்... தொட்டால் கல்! திருவக்கரையில் 2 கோடி வருடக் காடு

பௌர்ணமி வந்தால் திருவக்கரையில் கூட்டம் அலைமோதும். வக்கிரகாளியம்மன் கோயிலில் நள்ளிரவு ஜோதி தரிசனம் பார்க்க கார், வேன் என வண்டிகள் வரிசைகட்டும். அந்தக் கோயிலுக்குக் கொஞ்ச தூரத்திலேயே, சாலையை ஒட்டி ஒரு கம்பிவேலி இருக்கிறது. சாமி கும்பிட வருகிறவர்களில் பலர் அதைக் கவனிக்காமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

வேலிக்குள் எட்டிப் பார்த்தால், யாரோ மரங்களை வெட்டித் துண்டுபோட்டுவிட்டுப் போனது மாதிரி தெரியும். கணு தெரிகிறது, வெட்டுமுகத்தில் வளையம் வளையமாக ரேகை ஓடுகிறது, சிராய்கூட மரச்சிராய் போலவே இருக்கிறது. விரலால் தட்டினால்தான் விஷயம் புரியும். அத்தனையும் கல்!

விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில் உள்ள தேசிய கல்மரப் பூங்கா இது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மொத்தம் 247 ஏக்கர். அதில் சிறு பகுதியைத்தான் மக்கள் பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள். சுமார் 200 கல்மரங்கள் இங்கே கிடக்கின்றன. 3 மீட்டர் துண்டும் உண்டு, 15 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருப்பதும் உண்டு. வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். 'டைனோசர் இதுல ஏறியிருக்குமா?' என்று வீட்டு வாண்டுகள் கேட்டால், இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். டைனோசர்கள் அழிந்தே 6 கோடி வருடங்களுக்கு மேல் ஆகிறது. அந்தக் காலத்து மரம்தான் வேண்டும் என்றால், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்குப் போக வேண்டும். அங்கே படுத்திருக்கும் கல்மரத்துக்கு வயது சுமார் 12 கோடி.

திருவக்கரை மரங்களில் ஒன்றுகூட நின்றபடி இல்லை. கிளை இல்லை, இலை இல்லை, வேரும் இல்லை. அதனால் இவை இங்கேயே முளைத்து வளர்ந்தவை அல்ல, எங்கோ வேரோடு சாய்ந்து, பெருவெள்ளத்தில் உருண்டு வந்து மணலில் புதைந்தவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். மணலுக்கு அடியில் காற்றுப் புகாததால் மரம் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறை ஒவ்வொன்றிலும் மெதுவாகப் போய்ப் படிந்தது. மரம் போய்விட்டது, அதன் அச்சு அப்படியே கல்லில் தங்கிவிட்டது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் எந்தக் குடும்பத்து மரம் என்றுகூடச் சொல்ல முடிகிறதாம். புளிய மரத்துக்கும் ஆமணக்குக்கும் சொந்தக்கார மரங்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கின்றன.

ஊர்க்காரர்களிடம் இதற்கு வேறு கதை உண்டு. பெருமாள் வதம் செய்த வக்கிராசுரனின் எலும்புகள்தான் இப்படிக் கல்லாகிக் கிடக்கின்றனவாம். ஒரு மரத்தின் பக்கத்தில் நின்று அதன் பருமனைப் பார்த்தால், அந்தக் கதை எப்படிப் பிறந்திருக்கும் என்பது புரிந்துவிடும்.

இத்தனை வருடம் வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் தப்பிய மரங்களுக்கு இப்போதைய ஆபத்து, மனிதர்களின் பாக்கெட்தான். பெரிய மரத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால், சுற்றிலும் சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகள் உள்ளங்கையில் அடங்கிவிடும். 'ஒண்ணே ஒண்ணு, ஷோகேஸ்ல வைக்க' என்று ஆளுக்கொன்றாக எடுத்தால் என்ன மிஞ்சும்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும் ஒரு கல்மரக் காடு இருக்கிறது. அங்கே துண்டுகளை எடுத்துப் போனவர்களில் பலர், பிறகு மனசு உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால், எந்த இடத்தில் எடுத்தது என்று தெரியாததால் அந்தக் கற்களைப் பழையபடி காட்டுக்குள் போட முடிவதில்லை. எந்த மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் தொலைந்துவிட்டால், ஆராய்ச்சிக்கு அது வெறும் கல். அதனால் ஒரு ஓரமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள்.

திருவக்கரைக்குத் திண்டிவனத்தில் இருந்தும் போகலாம், புதுச்சேரியில் இருந்தும் போகலாம். பௌர்ணமியைத் தவிர்த்தால் நெரிசல் இருக்காது. வெயில் ஏறிவிட்டால் கற்கள் சுடும், காலையிலேயே போய்விடுவது நல்லது. குழந்தைகளைத் தாராளமாகத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியில் ஏறும்போது மட்டும் அவர்களுடைய பாக்கெட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள், உங்களுடையதையும் சேர்த்து.