தேர்வில் செல்வாக்கு, வகுப்பறையில் தனிமை: தலைநகரில் தத்துவப் படிப்பு

புது தில்லி: தலைநகரில் தத்துவம் இருவகை இடங்களில் கற்பிக்கப்படுகிறது. தில்லிப் பல்கலைக்கழகம், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் ஆகியவற்றின் வகுப்பறைகள் ஒருவகை. முகர்ஜி நகர், பழைய ராஜேந்திர நகர் போன்ற பகுதிகளில் பெருகியுள்ள குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையங்கள் மற்றொரு வகை. முன்னதன் நோக்கம் கேள்வி எழுப்பப் பழக்குவது. பின்னதன் நோக்கம் விடை எழுதப் பழக்குவது.

மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் முதன்மைத் தேர்வில் தத்துவம் ஒரு விருப்பப் பாடம்; தலா 250 மதிப்பெண் கொண்ட இரு தாள்கள். பாடத்திட்டம் சுருக்கமானது என்பதால் பொறியியல் பட்டதாரிகள்கூட இதனை நாடுகின்றனர். 2013-ல் விருப்பப் பாடங்கள் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைக்கப்பட்டபோது, அறவியலுக்கென 250 மதிப்பெண் தாள் ஒன்று அனைவருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. நாட்டை நிர்வகிக்க வருவோர் அறவியலைக் கற்றாக வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு இது சான்று.

ஆனால், அந்தத் துறையைப் பேணவேண்டிய பல்கலைக்கழகங்களின் நிலை வேறு.

பழைய பெருமை

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் பயின்ற எஸ். ராதாகிருஷ்ணன் 1921-ல் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்பால்டிங் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. 1976-ல் அதே பதவியை ஏற்றவர் வங்காளத்தைச் சேர்ந்த பிமல் கிருஷ்ண மதிலால். 1925-ல் கல்கத்தாவில் கூடிய இந்தியத் தத்துவ மாநாட்டின் முதல் அமர்வுக்குத் தலைமை வகித்தவர் ரவீந்திரநாத் தாகூர். அன்று இத்துறைக்கு இருந்த மதிப்பு அத்தகையது.

அந்த மதிப்புக்கு நடுவிலும் ஒரு பிளவு இருந்தது. ஆங்கிலத்தில் பயின்ற பேராசிரியர்கள் ஒருபுறம், சம்ஸ்கிருத பண்டிதர்கள் மறுபுறம் என இரு உலகங்கள் ஒன்றையொன்று அறியாமல் இயங்கின. அரசியல் அடிமைத்தனம் கண்ணுக்குத் தெரியும், சிந்தனையின் அடிமைத்தனம் தெரியாது என்று எச்சரித்த கே.சி. பட்டாச்சார்யாவின் ‘சிந்தனையில் சுயராஜ்யம்’ என்ற உரை, அவர் மறைந்த பிறகு 1954-ல்தான் பரவலாக அச்சில் வந்தது.

பிளவை அடைக்க 1983-ல் புணேயில் ஒரு துணிகர முயற்சி நடந்தது. தயா கிருஷ்ணா, எம்.பி. ரேகே உள்ளிட்டோர் நியாய மரபுப் பண்டிதர்களை அழைத்து, பெர்ட்ரண்ட் ரஸலின் தர்க்கக் கோட்பாட்டைச் சம்ஸ்கிருதத்தில் அவர்கள்முன் வைத்தனர். பண்டிதர்கள் சளைக்காமல் வாதிட்டனர். அந்த உரையாடலை இந்தியத் தத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1991-ல் ‘சம்வாத’ என்ற நூலாக வெளியிட்டது. எனினும், இந்தியத் தத்துவம் ஒரு தாள், மேலைத் தத்துவம் மற்றொரு தாள் என்ற பாகுபாடு பாடத்திட்டங்களில் இன்றும் நீடிக்கிறது.

சுருங்கும் வாயில்

ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 என்ற அளவுக்கு மேல் முனைவர் பட்ட மாணவர்களை ஏற்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016-ஆம் ஆண்டு விதி. இதனைக் காட்டி 2017-ல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி இடங்கள் பெருமளவு வெட்டப்பட்டன. 2022 விதிகள் எம்.பில். படிப்பையே நிறுத்தின. ஆசிரியர் எண்ணிக்கையைக் கொண்டே இடங்கள் கணக்கிடப்படுவதால், ஓய்வுபெற்றோரின் பணியிடம் நிரப்பப்படாத சிறிய துறைகளில் வாயில் இன்னும் குறுகுகிறது.

எது இந்தியத் தத்துவம் என்பதும் தீராத கேள்வி. தேர்வாணையத்தின் பட்டியலில் சார்வாகம் முதல் வேதாந்தம் வரை இடம்பெற்று, அரவிந்தருக்கும் தனி இடம் உண்டு. சைவ சித்தாந்தத்துக்கு இல்லை. பல சமயத்தாரின் வாதங்களை வரிசைப்படுத்தித் தரும் மணிமேகலையும் தத்துவ நூல்தான் என்பதைத் தலைநகரின் பாடத்திட்டங்கள் இனியேனும் கருத்தில் கொள்ள வேண்டும்.

எதிராளியின் வாதத்தை அவரே ஏற்கும் வண்ணம் எடுத்துரைத்த பின்னரே மறுக்க வேண்டும் என்பது இந்நாட்டுத் தத்துவ மரபு வகுத்த நெறி. ‘பூர்வபட்சம்’ என்பது அதன் பெயர். நாடாளுமன்றத்திலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் அந்நெறி அருகிவரும் காலத்தில், அதனைப் பொறுமையாகப் பயிற்றுவிக்கும் வகுப்பறைகளையும் இழந்துவிடலாகாது. அறவியல் தாளுக்கு 250 மதிப்பெண் ஒதுக்கிய மத்திய அரசு, அதனைக் கற்பிக்கும் துறைகளுக்கு ஆசிரியர்களையும் ஒதுக்க வேண்டாமா?