சிற்றரங்கில் இசை ஒலிப்பது எப்படி?

ஆயிரக்கணக்கானோர் அமரக்கூடிய பேரரங்குகள் பல கொண்ட நகரம் இலண்டன். எனினும், அங்கு விக்மோர் தெருவிலுள்ள ஒரு சிறிய அரங்கில் வாசிப்பதை உலகப் புகழ் பெற்ற கலைஞர்கள் பெருமையாகக் கருதுகின்றனர். அதில் சுமார் 550 பேரே அமரலாம். அதுபோலவே, நியூயார்க் நகரில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் இயங்கும் 'வில்லேஜ் வான்கார்டு' என்ற அரங்கு ஜாஸ் இசைக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள இருக்கைகள் 123 மட்டுமே. இடம் குறைவு, எனவே சீட்டு விற்று வரும் பணமும் குறைவு. பின் ஏன் இந்த மதிப்பு? காரணத்தின் பெரும்பகுதி இயற்பியலில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள உயர்கணிதம் வேண்டியதில்லை. பெருக்கலும் வகுத்தலும் போதும்.

இரண்டு அரங்குகள்

விக்மோர் அரங்கை 1901-இல் கட்டியது பெக்ஸ்டைன் என்னும் ஜெர்மானியப் பியானோ நிறுவனம். தன் பியானோ விற்பனைக் கூடத்தை அடுத்தே அதை அமைத்தது. முதல் உலகப் போரின்போது, பகை நாட்டு நிறுவனம் என்பதால் அரங்கு 1916-இல் ஏலம் போயிற்று. 1917-இல் இப்போதைய பெயருடன் மீண்டும் திறக்கப்பட்டது. அது நீண்ட செவ்வக வடிவமானது. வளைந்த கூரை உடையது. மேடையின் பின்புறம் பாதிக் குவிமாடம் போல் வளைந்து, ஒலியை அவையோரை நோக்கித் திருப்புகிறது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்த நால்வர் குழுவின் இசையும், பியானோவுடன் ஒருவர் பாடும் பாடலும் இங்குச் சிறப்பாக ஒலிக்கும். பெரும்பாலும் ஒலிபெருக்கி தேவைப்படுவதில்லை.

வில்லேஜ் வான்கார்டை 1935-இல் தொடங்கியவர் மாக்ஸ் கார்டன். அது ஆப்பு வடிவ அறை. ஒடுங்கிய முனையில் மேடை. கூரை தாழ்வானது. சுவரோரம் மெத்தையிட்ட நீள் இருக்கைகள். ஒன்றுக்கொன்று எதிரெதிரே இணையாக நிற்கும் சுவர்களிடையே ஒலி முன்னும் பின்னும் ஓடிப் படபடக்கும்; ஆப்பு வடிவத்தில் அத்தொல்லை குறைவு.

நேராக வரும் ஒலி, சுற்றி வரும் ஒலி

இசைக் கருவியிலிருந்து புறப்படும் ஒலி நேர்வழியில் முதலில் நம் செவியை அடைகிறது. அடுத்து, சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பிய ஒலி வந்து சேர்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கால இடைவெளிதான் முக்கியம். சுமார் 0.05 வினாடிக்குள் வரும் மீளொலியை நம் மூளை தனி ஒலியாகக் கருதாது. நேரொலியுடன் சேர்த்துக் கொள்ளும். ஒலி கூடுதல் வலுவுடனும் செறிவுடனும் கேட்கும்.

10 மீட்டர் அகலமுள்ள அரங்கை எடுத்துக் கொள்வோம். கலைஞரும் நீங்களும் அரங்கின் நடுக்கோட்டில் இருக்கிறீர்கள். இடையே 10 மீட்டர். பக்கச் சுவரில் மோதி வரும் ஒலி சுமார் 14 மீட்டர் பயணம் செய்ய வேண்டும். கூடுதல் தூரம் 4 மீட்டர். ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். ஆகவே தாமதம் சுமார் 0.012 வினாடியே. இப்போது 40 மீட்டர் அகலமுள்ள பேரரங்கில் 30 மீட்டர் தள்ளி அமருங்கள். சுற்று வழி 50 மீட்டர். கூடுதல் 20 மீட்டர். தாமதம் சுமார் 0.06 வினாடி. இது எல்லையைத் தாண்டிவிட்டது. பேரரங்கில் வளைந்த பலகைகளையும் உள்ளடுக்குகளையும் அமைத்துப் பெறவேண்டிய நன்மையைச் சிற்றரங்கு தன் அளவினாலேயே பெற்றுவிடுகிறது.

சபைன் கண்ட விதி

மோதித் திரும்பும் ஒலி ஒரே முறையுடன் நின்றுவிடுவதில்லை. மீண்டும் மீண்டும் மோதிப் படிப்படியாகத் தேய்கிறது. இத்தேய்வொலியே எதிர்முழக்கம். ஒலியின் செறிவு பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் காலம் எதிர்முழக்க நேரம் எனப்படும்.

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு விளங்கவில்லை. ஒரு சொல் சுமார் ஐந்தரை வினாடி முழங்கிக்கொண்டே இருந்தது. குறையைத் தீர்க்கும் பொறுப்பு வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவரிடம் இருந்தவை ஓர் ஆர்கன் குழல், காலங்காட்டும் கருவி, கூர்மையான செவி. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி அளந்தார். விடியுமுன் திருப்பி வைத்தார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைந்தது. இவ்வாறு அவர் கண்ட விதி இன்றும் பயன்படுகிறது. 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கு அந்த அறிவைக் கொண்டு திட்டமிடப்பட்டதே.

விதி எளியது. அரங்கின் கன அளவை 0.16-ஆல் பெருக்கி, மொத்த உட்கவர் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் வினாடியில் கிடைக்கும். உட்கவர் பரப்பு என்பது என்ன? திறந்த சன்னல் வழியே சென்ற ஒலி திரும்பி வராது. எனவே 1 சதுர மீட்டர் திறந்த சன்னலை அளவுகோலாகக் கொள்வர். அமர்ந்திருக்கும் ஒரு மனிதர், உடையுடன், சுமார் அரைச் சதுர மீட்டர் சன்னலுக்குச் சமம்.

இப்போது ஒரு கணக்கு. 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் உள்ள அரங்கின் கன அளவு 900 கன மீட்டர். ஆளில்லாதபோது சுவர், தரை, மர நாற்காலிகள் சேர்ந்து 60 சதுர மீட்டர் உட்கவர்வதாகக் கொள்வோம். 144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4 வினாடி. இனி 150 பேர் வந்து அமர்கின்றனர். உட்கவர் பரப்பு 75 கூடி 135 ஆகிறது. நேரம் சுமார் 1.1 வினாடி. பாதிக்கும் குறைவு! சுவரைத் தொடாமல், கூரையை மாற்றாமல், அரங்கின் ஒலியையே மாற்றிவிட்டவர்கள் இரசிகர்கள். சிற்றரங்கில் நீங்கள் இசையைக் கேட்பவர் மட்டுமல்லர். அந்த ஒலியை உருவாக்குவதிலும் உங்களுக்குப் பங்கு உண்டு.

எந்த இசைக்கு எவ்வளவு?

நால்வர் குழுவின் இசைக்கு ஒன்றரை வினாடி அளவு எதிர்முழக்கம் ஏற்றது. விக்மோர் அரங்கின் நேரமும் ஏறக்குறைய இதுவே. ஒரு சுரம் தேயுமுன் அடுத்தது வந்து இணைவதால், நான்கு கருவிகளின் நாதமும் குழைந்து ஒன்றாகிறது.

ஜாஸ் இசைக்கு இது மிகை. கலைஞர்கள் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, மனோதருமத்தால் அங்கேயே விரித்து வாசிக்கும் இசை அது. ஒருவர் விடும் குறிப்பை மற்றவர் மறுகணமே பிடித்தாக வேண்டும். டிரம் வாசிப்பவர் வினாடிக்கு எட்டு அடி அடித்தால், ஒன்றரை வினாடியில் பன்னிரண்டு அடிகளின் முழக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். தாளம் மங்கும், டபிள் பேஸின் தாழ்ந்த சுரங்கள் அதில் அமிழ்ந்து போகும். ஆகவே ஒரு வினாடிக்கும் குறைந்த முழக்கமே நன்று. தாழ்ந்த கூரையும் மெத்தை இருக்கைகளும் நெருங்கி அமர்ந்த கூட்டமும் நிலவறைக்கு இதைத் தருகின்றன.

ஆனால் விக்மோர் அரங்கிலும் ஜாஸ் உண்டு. 2009 முதல் இரண்டு பருவங்களுக்கு, பிராட் மெல்டோ என்னும் பியானோ கலைஞரின் பொறுப்பில் அங்கு ஜாஸ் நிகழ்ச்சிகள் நடந்தன. முழக்கம் மிகுந்த அரங்கில் தனிப் பியானோவும் சிறு குழுவும் நன்கு பொருந்தும். டிரம் கலைஞர் கோலை வைத்துவிட்டுக் கம்பித் தூரிகையால் வாசிப்பதும் உண்டு. அரங்கு ஒரு நிபந்தனை விதிக்கிறது. கலைஞர் அதற்கேற்பக் கையை மாற்றுகிறார்.

அருகாமையின் பயன்

திறந்த வெளியில், தூரம் இருமடங்கானால் ஒலியின் செறிவு கால் பங்காகும். மேடையிலிருந்து 5 மீட்டரில் இருப்பவரை அடையும் நேரொலியில் 64-இல் ஒரு பங்கே 40 மீட்டரில் இருப்பவருக்குக் கிட்டும். சிற்றரங்கில் கடைசி வரிசைகூடத் தொலைவில்லை. ஆதலால் கலைஞர் மிக மெல்லிய ஒலியிலும் துணிந்து வாசிக்கலாம்.

இதற்குச் சான்று ஓர் ஒலிப்பதிவு. 1961 ஜூன் 25 அன்று வில்லேஜ் வான்கார்டில் பில் எவன்ஸ், ஸ்காட் லபாரோ, பால் மோஷியன் ஆகிய மூவர் வாசித்தனர். அந்தப் பதிவில் பியானோவின் மென்மையான தொடுதலும் கேட்கும். மேசைகளில் கண்ணாடிக் குவளைகள் மோதும் ஒலியும் கேட்கும். டபிள் பேஸ் வாசித்த லபாரோ பதினொரு நாட்களுக்குப் பின், ஜூலை 6 அன்று, சாலை விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 25. அம்மூவர் சேர்ந்து வாசித்ததன் கடைசிப் பதிவாக அந்நாள் நின்றுவிட்டது.

நிரம்பிய அரங்கே முழுமையான அரங்கு

2020-இல் கொரோனாத் தொற்று இரண்டு அரங்குகளையும் மூடியது. அவ்வாண்டு ஜூன் மாதம் விக்மோர் அரங்கில் கலைஞர்கள் காலி இருக்கைகளின் முன் வாசித்தனர், பி.பி.சி. வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பியது. மெத்தை இருக்கைகள் மனிதரின் உட்கவர்தலை ஓரளவு ஈடுசெய்யும். ஆனால் முழுதும் ஈடுசெய்யா. இசை முடிந்தபின் எழுந்த அமைதியை எதனாலும் ஈடுசெய்ய முடியவில்லை.

ஓர் ஊரில் சிறிய இசையரங்கு அமைக்க விரும்புவோர் இதிலிருந்து அறிய வேண்டியது என்ன? முதலில் எந்த இசைக்கு என்று முடிவு செய்யவேண்டும். பின் கன அளவைக் கணக்கிடவேண்டும். திரையும் மெத்தையும் வாங்குமுன் வரப்போகும் மனிதர்களைக் கணக்கில் சேர்க்கவேண்டும். வருவோர் இல்லையேல் சபைனின் கணக்கும் தவறிப்போகும், அரங்கும் நிலைக்காது.