ஜானகியம்மா பாட்டு... கரோக்கியில் உங்க குரலுக்கு எது செட் ஆகும்?

நாமக்கல் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். சொந்தக்காரங்க வீட்டு ரிசப்ஷன். பந்தி ஓய்ந்த நேரத்தில், கீபோர்டு தம்பி லேப்டாப்பில் ட்ராக் போட, ஒவ்வொருத்தரா மேடையேறிப் பாடிக்கொண்டிருந்தார்கள். எங்க சித்தியும் மைக் பிடித்தாங்க. அடுப்படியில் தினமும் பாடுற பாட்டுதான், 'ஜானி' படத்தின் 'காற்றில் எந்தன் கீதம்'. பல்லவி நல்லாவே போச்சு. சரணம் மேலே ஏற ஏற, குரல் பிசிறடித்து, ஒரு கட்டத்தில் நின்றே போனது. முன் வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். சித்தி மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கியவர்தான். அதற்குப் பிறகு அடுப்படியிலும் பாட்டுச் சத்தம் கேட்கவில்லை.

குரல் நல்லாயில்லை என்று சித்தி முடிவு பண்ணிட்டாங்க. உண்மையில் தப்பு குரலில் இல்லை. அந்த ட்ராக்கின் சுருதி சித்தியோட சுருதி இல்லை, அவ்வளவுதான்.

கட்டை தெரியுமா?

நம்ம ஊர் பாட்டு வாத்தியார்கள் சுருதியை 'கட்டை' என்று சொல்வார்கள். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். பெண்கள் அஞ்சு, அஞ்சரை கட்டையில் பாடுவது வழக்கம். ஆனால், கரோக்கி ட்ராக் பெரும்பாலும் ஒரிஜினல் பாட்டு எந்தச் சுருதியில் பதிவானதோ அதே சுருதியில்தான் இருக்கும். அதாவது, ஸ்டூடியோவில் எஸ்.ஜானகிக்குப் பொருந்திய சுருதியில் நாமளும் பாடியாகணும். 1977-ல் '16 வயதினிலே', 1992-ல் 'தேவர் மகன்' என தமிழில் ரெண்டு, மலையாளத்திலும் தெலுங்கிலும் ஒவ்வொன்று, ஆக மொத்தம் நாலு தேசிய விருது வாங்கிய குரல் அது. 'ருசி கண்ட பூனை' படத்தில் குழந்தைக் குரலிலும் பாடியவர். அவர் சுருதியில் நமக்கு மூச்சு முட்டினால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜப்பான்காரங்க கண்டுபிடிச்ச பட்டன்

கரோக்கி என்பது ஜப்பானியச் சொல். 'காலியான ஆர்கெஸ்ட்ரா' என்று அர்த்தம். 1971-ல் கோபே நகரத்தில் டைசுகே இனோயி என்ற இசைக்கலைஞர் உருவாக்கிய மெஷின்தான் இதைப் பரவலாக்கியது. அவர் அதற்கு பேட்டன்ட் வாங்கவே இல்லை. அங்கேயும் நம்ம கதைதான். நாம 80-கள் இளையராஜா பாட்டைக் கொண்டாடுகிற மாதிரி, அவங்க அதே காலத்து 'சிட்டி பாப்' பாட்டுகளைக் கொண்டாடுறாங்க. மிகி மட்சுபரா 1979-ல் பாடிய பாட்டு ஒன்று, 2020-ல் செல்போன் வழியாக உலகம் முழுக்க திரும்ப ஹிட் அடித்தது.

நமக்கு உபயோகமான விஷயம் அங்கே ஒன்று இருக்கிறது. ஜப்பான் கரோக்கி மெஷின்களில் சுருதியை ஏற்ற, இறக்க தனி பட்டன் உண்டு. பாடுறதுக்கு முன்னாடி அதை அழுத்தி, தன் குரலுக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொள்வது அங்கே சாதாரணம். நம்ம ஊரிலோ சுருதியை இறக்கச் சொன்னால், பாடத் தெரியாதுன்னு நினைச்சுடுவாங்களோன்னு தயங்குறோம். அந்தத் தயக்கத்தை முதலில் விடுங்க.

எந்தப் பாட்டு யாருக்கு?

முதல்முறை மைக் பிடிப்பவர்களுக்கு: 'முதல் மரியாதை' (1985) படத்தின் 'ராசாவே உன்னை நம்பி'. நாட்டுப்புற மெட்டு, சின்னச் சின்ன வரிகள், மூச்சு வாங்க இடம் இருக்கும். 'அன்னக்கிளி' (1976) படத்தின் 'மச்சானைப் பாத்தீங்களா'வும் அப்படித்தான். தாளம் பிடிக்க கூட்டமே கைதட்டும், நம்ம பயம் அதிலேயே பாதி போய்விடும்.

மெல்லிய குரல் உள்ளவர்களுக்கு: 'மெல்லத் திறந்தது கதவு' (1986) படத்தின் 'ஊரு சனம் தூங்கிருச்சு'. எம்.எஸ்.விஸ்வநாதனும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்த படம். இந்தப் பாட்டைக் கத்திப் பாடினால்தான் கெட்டுப்போகும். 'தளபதி' (1991) படத்தின் 'சின்னத் தாயவள்' பாட்டும் மெதுவா போகும். ஆனா, உணர்ச்சியில் தொண்டை அடைக்காமல் பார்த்துக்கணும்.

கொஞ்சம் பழகியவர்களுக்கு: 'செந்தூரப் பூவே'. கேட்க லேசா இருக்கும். வரிகளை அறுக்காமல் இழுக்க மூச்சு வேணும். 'காற்றில் எந்தன் கீதம்' அதற்கும் அடுத்த படி.

ஜோடியாகப் பாட: 'பொன்னுக்கு தங்க மனசு' (1973) படத்தின் 'தேன் சிந்துதே வானம்', 'மெல்லத் திறந்தது கதவு' படத்தின் 'வா வெண்ணிலா'. ரெண்டுமே எஸ்.பி.பி-யுடன் பாடியவை. டூயட்டில் ஒரு சிக்கல் உண்டு. சுருதி ரெண்டு பேருக்கும் ஒன்றுதான். அக்காவுக்காக இறக்கினால் மாமாவுக்குக் குரல் அடியில் போய்விடும். ரெண்டு பேரும் சேர்ந்து பாடிப் பார்த்து, நடுவில் ஒரு இடத்தில் நிறுத்துங்க.

கேட்டு ரசிக்க மட்டும்: 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தின் 'சிங்கார வேலனே தேவா'. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தோடு குரல் போட்டி போடுகிற பாட்டு. சங்கீதம் கற்றவர்கள் பாடட்டும், நாம கைதட்டலாம்.

மேடை ஏறும் முன்னாடி

* பல்லவியைப் பாடிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. சரணத்தில் எந்த வரி உச்சத்துக்குப் போகுதோ, அந்த ஒரு வரியை முதலில் பாடிப் பாருங்க. அது கத்தாமல் வந்தால் பாட்டு உங்களுடையது.
* வரவில்லையா? சுருதி மாற்றும் செயலியில் ட்ராக்கை -1, -2 என ஒவ்வொரு படியாக இறக்குங்க. ஒரு படி என்பது ஏறக்குறைய அரைக் கட்டை. மூணு, நாலு படிக்கு மேல் இறக்கினால் வாத்தியச் சத்தம் இயல்பு கெட்டுக் கேட்கும். அப்போ பாட்டையே மாற்றுவது நல்லது.
* இளையராஜா பாட்டுகளில் முதல் சரணத்துக்கு முந்தைய இசை ஒன்று, ரெண்டாவது சரணத்துக்கு முந்தையது வேறொன்றாக இருக்கும். பல பேர் தவறான இடத்தில் நுழைவது இங்கேதான். வரிகளை மனப்பாடம் பண்ணுற மாதிரி, இடையில் வரும் இசையையும் கேட்டுப் பழகுங்க.
* ப்ளூடூத் ஸ்பீக்கரில் சத்தம் ஒரு நொடிக்குள் என்றாலும் கொஞ்சம் தாமதமாக வரும். பாடுறவங்களை அது குழப்பும். முடிந்தவரை ஒயர் மைக்கையே கேட்டு வாங்குங்க.
* ஸ்பீக்கருக்கு நேராக மைக்கைக் காட்டி நிற்காதீங்க. 'கீங்ங்' என்று அலறும், உள்ள தைரியமும் போய்விடும்.

மறுபடியும் ஒரு மைக்

போன ஆடிப் பண்டிகைக்கு வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பியதும், தம்பி கரோக்கி மைக்கை எடுத்தான். "வேண்டாம் கண்ணு, எனக்கெதுக்கு அதெல்லாம்" என்று சித்தி நழுவப் பார்த்தாங்க. 'ராசாவே உன்னை நம்பி' ட்ராக்கை ரெண்டு படி இறக்கி வைத்தோம். "ஒரு வரி மட்டும் பாடுங்க சித்தி, பிடிக்கலைன்னா நிறுத்திடலாம்" என்றேன்.

ஒரு வரி பாடினாங்க. நிமிர்ந்து எங்களைப் பார்த்தாங்க. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு முழுப் பாட்டையும் பாடி முடிச்சாங்க. குரல் எங்கேயும் உடையவில்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா உள்ளே வந்து, "இது ரேடியோவான்னு நெனச்சேன்" என்றார். அது பொய்தான். ஆனால் சித்தி அடுத்து கேட்டது இதுதான்: "ஏங்கண்ணு, அந்த ஜானி பாட்டையும் இப்படி இறக்க முடியுமா?"

முடியும். மூணு படி இறக்கிப் பழகிட்டு இருக்காங்க. ஜானகியம்மா 2017-ல் மைசூரு கச்சேரியோடு மேடைக்கு விடை கொடுத்துவிட்டார். அவர் பாட்டு இப்போ நம்ம வீட்டு ஹாலில், நம்ம கட்டையில் ஓடிக்கிட்டிருக்கு. உங்க வீட்டிலும் பாடுறதை நிறுத்திய ஒருத்தர் இருப்பாங்க. இந்த ஞாயிற்றுக்கிழமை ட்ராக்கை ரெண்டு படி இறக்கி, மைக்கை அவங்க கையில் கொடுத்துப் பாருங்க!