‘ஒரு பீடிதானே!’ பிள்ளைகள் போடும் தப்புக் கணக்கு

அப்பா வரப்பில் போட்ட பீடித் துண்டை எடுத்து, மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று ஒரு இழுப்பு. பல கிராமங்களில் புகைப்பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. 2019-ல் இந்தியப் பள்ளிகளில் எடுக்கப்பட்ட உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவிகிதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துவது தெரியவந்தது.

ஆபத்து தெரியாமலா? இல்லை. பாக்கெட்டில் 85 சதவிகித இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. ‘புற்றுநோய் வரும்’ என்று பிள்ளைகளே சொல்வார்கள். ஆனால், அது வயதானவர்களுக்கு என்பது அவர்கள் கணக்கு.

இளம் வயதினரின் இந்த மனக்கணக்கை ஆராய்ந்தவர், அமெரிக்க உளவியல் ஆய்வாளர் பால் ஸ்லோவிக். ‘காலம் முழுக்கப் பிடித்தால் கெடுதல், அடுத்து பிடிக்கப்போகும் ஒன்றால் எதுவும் ஆகாது’ என்று பல இளைஞர்கள் நம்புவதை 2000-ம் ஆண்டில் அவர் எழுதினார். உப்புத் தண்ணீரை ஒருமுறை பாய்ச்சினால் நிலம் கெடுவதில்லை. ஒவ்வொரு முறையும் அப்படியே நினைத்துப் பாய்ச்சினால், சில வருடங்களில் மண் வெளுத்துவிடுகிறது. நுரையீரலும் அப்படித்தான்.

நினைத்தால் விடலாமா?

உள்ளே இழுத்த நிக்கோட்டின் சில விநாடிகளில் மூளையை எட்டுகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளை அதற்குச் சீக்கிரம் அடிமையாகும். விட நினைக்கும்போது எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் வரும்.

பீடி இலைதானே?

உள்ளே இருப்பது புகையிலைதான். பீடி இலையில் காற்று எளிதாகப் புகாது. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். நிக்கோட்டினும் தாரும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன.

வீட்டில் என்ன செய்யலாம்?

* ‘பீடி வாங்கிட்டு வாடா’ என்று பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பது 2003-ம் ஆண்டு சட்டப்படி குற்றம்.
* அறுபது வயதில் வரும் நோயை மட்டும் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். கபடி ஆடும்போது வாங்கும் மூச்சு, வாய் நாற்றம், கரையும் காசு என இன்றே தெரியும் நஷ்டத்தைப் பேசுங்கள்.
* மாட்டிக்கொண்ட பிள்ளையை அடித்தால், ஒளிந்து பிடிப்பான். உட்கார வைத்துக் கேளுங்கள்.
* விட உதவி தேவைப்பட்டால், 1800-11-2356 என்ற மத்திய அரசின் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

அப்பாவும் சேர்ந்து விட்டால், பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாடம் வேறில்லை.