வெளிநாட்டில் ஆசிரியர் வேலையா? கையெழுத்திடும் முன் படியுங்கள்!

தோட்டத்திலும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்து ஓரங்களில் குடியேறியும் வாழ்கின்ற தாய்மார்களே, தந்தைமார்களே!

ஒரு மாலை நேரம். உங்கள் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். சட்டைப் பையில் பேனா, கையில் ஒரு கோப்பு. "உங்கள் மகள் பட்டதாரிதானே? துபாயில் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை தயாராக இருக்கிறது. ஆறாயிரம் வெள்ளி கட்டினால் அடுத்த மாதமே விமானம் ஏறலாம்" என்கிறார். என்ன செய்வீர்கள்?

நானறிந்த ஒரு குடும்பம் கட்டியது. பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். தகப்பனார் குலை வெட்டுபவர். தாயார் உரம் போடும் வேலை. மகள் இரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவள். தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று; குறைந்த பணத்துக்குச் சீட்டு எடுத்தார்கள். பணம் வாங்கியவரின் தொலைபேசி பத்தாம் நாள் ஊமையாகிவிட்டது. கடிதத்தில் கண்டிருந்த பள்ளிக்கே அந்தப் பெண் நேரில் எழுதிக் கேட்டாள். "நாங்கள் யாரையும் அனுப்பவில்லை, வேலைக்குப் பணம் வாங்குவதும் இல்லை" என்று இரண்டே வரியில் பதில் வந்தது.

இன்று அதே பெண் துபாயில் வேறொரு பள்ளியில் இரசாயனம் போதிக்கிறாள். வேலைக்காக யாருக்கும் ஒரு காசு கொடுக்கவில்லை. விமானச் சீட்டையும் பள்ளியே அனுப்பி வைத்தது. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவில் அவள் கற்றுக்கொண்டது என்ன? உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அது பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அனைத்துலகப் பள்ளி என்றால்...

தான் இருக்கும் நாட்டின் பாடத்திட்டத்தை விட்டு, பிரிட்டிஷ், அமெரிக்க அல்லது வேறு பொதுவான பாடத்திட்டத்தை நடத்தும் பள்ளியே அனைத்துலகப் பள்ளி. 1924-இல் ஜெனீவா நகரில், உலக நாடுகள் சங்கத்தில் வேலை செய்ய வந்தவர்களின் பிள்ளைகளுக்காக இப்படி ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. நம் கோலாலம்பூரிலும் அலைஸ் ஸ்மித் பள்ளி 1946-லிருந்து நடந்து வருகிறது. நம் பெரியவர்கள் "சீனியர் கேம்பிரிட்ஜ்" சோதனையை அறிவார்கள். அதை நடத்திய கேம்பிரிட்ஜ் இன்று நடத்தும் ஐ.ஜி.சி.எஸ்.இ. சோதனைதான் இப்பள்ளிகள் பலவற்றில் எழுதப்படுகிறது. 1968-இல் ஜெனீவாவில் அமைக்கப்பட்ட ஐ.பி. என்னும் திட்டமும் உண்டு.

முன்பெல்லாம் இவை பெரும்பாலும் அந்நியர் பிள்ளைகளுக்கே என்றிருந்தது. 2012-இல் நம் அரசாங்கம் மலேசியப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த வரம்பை நீக்கிய பிறகு, நாட்டில் இத்தகைய பள்ளிகள் பெருகின. வளைகுடா, வியட்நாம், தாய்லாந்து, சீனா எங்கும் இவை உள்ளன. பள்ளி பெருகினால் ஆசிரியர் வேண்டும் அல்லவா?

யாருக்குக் கதவு திறக்கும்?

மூன்று பொருள் கையில் இருக்க வேண்டும். முதலாவது, தான் போதிக்கும் பாடத்தில் பட்டம். இரண்டாவது, ஆசிரியர் பயிற்சிச் சான்று. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கல்வியியல் பட்டம் பெற்றவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே கிடைத்துவிடும். பாடப் பட்டம் மட்டும் உள்ளவர்கள், பி.ஜி.சி.இ. போன்ற பட்டப்பின் பயிற்சியை முடிக்கலாம். தொலைதூரக் கல்வியாகவும் இது நடக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தொலைதூர அனைத்துலக பி.ஜி.சி.இ. முடித்தாலே இங்கிலாந்தின் முழு ஆசிரியர் தகுதி கிடைத்துவிடாது. அத்தகுதியைக் கேட்கும் பள்ளி எது, கேட்காத பள்ளி எது என்று விசாரித்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.

மூன்றாவது, வகுப்பறை அனுபவம். இரண்டு ஆண்டாவது இருந்தால்தான் பல பள்ளிகள் மனுவைப் புரட்டிப் பார்க்கும். சீனாவில் வேலை விசாவுக்கே பட்டத்தோடு இரண்டாண்டு அனுபவம் கேட்கிறார்கள்.

கணிதம், பௌதிகம், இரசாயனம், கணினி போதிப்பவர்களுக்குத் தேவை அதிகம். ஆங்கிலப் பாடம் மட்டும் போதிக்க விரும்புவோர் ஓர் உண்மையை அறிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சில நாட்டுக் குடிமக்களுக்கே அவ்வேலையைத் தரும் விதி சீனா போன்ற இடங்களில் உள்ளது. நம் பிள்ளையின் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கடப்பிதழின் நிறம் அங்கே குறுக்கே நிற்கும். இது நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனாலும் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் குறையும்.

அந்தப் பெண் செய்தது இதுதான். பணத்தை இழந்த பிறகு, கோலாலம்பூரில் ஓர் அனைத்துலகப் பள்ளியில் சேர்ந்தாள். கல்வி இலாகாவின் போதனை அனுமதியை முறைப்படி பெற்றாள். இரண்டாண்டு வேலை செய்துகொண்டே பயிற்சியையும் முடித்தாள். வெளிநாட்டுக்குப் போகும் பாதை உள்நாட்டுப் பள்ளியிலேயே தொடங்கிவிட்டது.

அரசாங்க ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் உதவித்தொகை பெற்றுப் படித்தவர்களுக்குச் சேவை ஒப்பந்தம் இருக்கும். அதை முடிக்காமல் கிளம்பினால் பணம் திருப்பிக் கட்ட நேரிடும்.

எப்போது, எங்கே தேடுவது?

மேலே சொன்ன நாடுகளில் பள்ளி ஆண்டு பெரும்பாலும் ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்கும். ஆனால் ஆள் எடுப்பது அதற்கு முந்திய அக்டோபர், நவம்பரிலேயே ஆரம்பமாகிவிடும். பிப்ரவரி, மார்ச்சுக்குள் நல்ல இடங்கள் நிரம்பிவிடும். ஜூன் மாதம் தேடத் தொடங்குபவருக்கு மிஞ்சியதே கிடைக்கும்.

பள்ளிகளின் சொந்த இணையப் பக்கத்தில் வேலை அறிவிப்பு வரும். இங்கிலாந்தின் டெஸ் இதழின் தளத்தில் வரும். செர்ச் அசோசியேட்ஸ், 1955-இல் தொடங்கப்பட்ட ஐ.எஸ்.எஸ். போன்ற ஆள்சேர்ப்பு நிறுவனங்களும் உள்ளன. இத்தகைய நிறுவனம் ஏதாவது பெயர்ப் பதிவுக்குக் கட்டணம் கேட்டால், அது அதன் தளத்திலேயே வெளிப்படையாக எழுதப்பட்டு, ரசீதோடு வாங்கப்பட வேண்டும். வீடு தேடி வந்து ஆயிரக்கணக்கில் ரொக்கம் கேட்பது வேறு சங்கதி. ஐக்கிய அரபு நாடுகளின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஆள்சேர்ப்புச் செலவை ஊழியரிடம் வசூலிக்கக் கூடாதென்றே சொல்கிறது.

வேலைக் கடிதம் வந்தால், அதிலுள்ள தொலைபேசி எண்ணை நம்பாதீர்கள். பள்ளியின் முகவரியை நீங்களே தேடி எடுத்து, அங்கே எழுதிக் கேளுங்கள். ஒரு மின்னஞ்சலுக்குச் செலவில்லை. அதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு தாயின் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

ஆவணங்கள் சேர்க்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். பட்டச் சான்றிதழில் நம் வெளியுறவு அமைச்சின் முத்திரையும், போகும் நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் கேட்கப்படலாம். நன்னடத்தைச் சான்றிதழையும் வெளியுறவு அமைச்சே வழங்குகிறது. பிள்ளைகளின் பாதுகாப்புக்காக இதில் பள்ளிகள் மிகவும் கண்டிப்பு. முந்தைய தலைமையாசிரியரிடமே நேராக விசாரிப்பார்கள். ஆகவே பழைய பள்ளியில் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறாதீர்கள்.

வரி வரியாகப் படியுங்கள்

நம் முன்னோர்களில் பலர் 1910 வரை நடந்த ஒப்பந்தக் கூலி முறையில் இந்நாட்டுக்கு வந்தவர்கள். தங்களால் படிக்க முடியாத தாளில் பெருவிரல் ரேகை வைத்தார்கள். கப்பல் செலவு அவர்கள் தலையிலேயே கடனாக ஏறியது. பேத்தி பட்டதாரி. அவளும் படிக்காமல் கையெழுத்திட்டால், நாம் பள்ளிக்கு அனுப்பிய பலன் என்ன?

முதலில் சம்பளத்தைப் பிரித்துப் பாருங்கள். துபாயில் மாதம் 9,000 திர்ஹாம் என்று கடிதம் சொல்கிறது என வைத்துக்கொள்வோம். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு? அந்நாட்டுச் சட்டப்படி ஓராண்டு முடித்தவருக்கு, வேலையை விட்டு வரும்போது பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். 9,000-மும் அடிப்படை என்றால் இரண்டாண்டில் 12,600 திர்ஹாம். அடிப்படை 5,000, படி 4,000 என்று பிரித்திருந்தால் 7,000 மட்டுமே. மாதாமாதம் கையில் வாங்குவது ஒன்றுதான். கடைசியில் 5,600 திர்ஹாம் காணாமல் போயிருக்கும்!

அடுத்து, வீடு யார் பொறுப்பு? விமானச் சீட்டு ஆண்டுக்கு ஒரு முறையா, ஒப்பந்த முடிவில் மட்டுமா? மருத்துவக் காப்புறுதி உண்டா? கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா? இவற்றை எழுத்தில் கேளுங்கள். "அங்கே வந்ததும் பேசிக்கொள்ளலாம்" என்ற வாய்ச் சொல்லுக்கு மதிப்பில்லை. ஒரே வேலைக்கு வெள்ளைக்கார ஆசிரியருக்கு ஒரு சம்பளம், நமக்கு ஒரு சம்பளம் என்று வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. சம்பள அட்டவணையைக் கேட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள்.

கடப்பிதழை எவரிடமும் விட்டு வைக்காதீர்கள். விசா முத்திரைக்குக் கொடுத்தால் உடனே திருப்பிக் கேளுங்கள். ஐக்கிய அரபு நாடுகளில் முதலாளி அதைப் பிடித்து வைப்பது சட்ட விரோதம்.

கிடைத்த வேலையைக் காப்பது

முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டாண்டு. அதில் முதல் சில மாதம் பரிசோதனைக் காலம். ஐக்கிய அரபு நாடுகளில் அது ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. அக்காலத்தில் 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விட்டு நிறுத்த முடியும். தலைமையாசிரியர் திடீரென்று வகுப்பின் பின் வரிசையில் வந்து உட்காருவார். குறை சொன்னால் முகம் சுளிக்காமல் குறித்துக்கொண்டு, அடுத்த வாரமே மாற்றிக் காட்ட வேண்டும். மாலை விளையாட்டு, நாடகம், பெற்றோரின் மின்னஞ்சலுக்குப் பதில் எல்லாம் வேலையில் சேர்ந்தவையே.

நம்மவர்கள் தவறி விழும் இடங்கள் சில உண்டு. ஒன்று, பிரம்பு. இங்கே கண்டிப்பு என்று பெயர் வாங்கியது அங்கே வேலையைப் பறிக்கும். காதைத் திருகுவதும் கூடாது. இரண்டு, டியூசன். தன் வகுப்புப் பிள்ளைகளுக்கே தனியாகப் போதித்துச் சம்பாதிப்பதைப் பல ஒப்பந்தங்கள் தடுக்கின்றன. ஐக்கிய அரபு நாடுகளில் தனியார் போதனைக்கென்றே 2023 இறுதியில் அனுமதி முறை கொண்டு வந்தார்கள். அனுமதியில்லாமல் செய்தால் குற்றம். மூன்று, மாணவரின் படத்தைத் தன் முகநூலில் போடுவது.

நான்காவதுதான் மிகக் கொடியது. வீட்டு ஞாபகம் தாங்காமல், ஆண்டு நடுவில் சொல்லாமல் கிளம்பிவிடுவது. பிள்ளைகளின் படிப்பு பாழாகும். ஆள்சேர்ப்பு நிறுவனங்கள் அந்தப் பெயரை மறுபடி தொடமாட்டா. சம்பளம் வராமல் போனாலோ, கொடுமை நடந்தாலோ வெளியேறுவது வேறு. அப்போதும் எழுத்தில் முறையிட்டு, நகலை வைத்துக்கொண்டு, நம் தூதரகத்தை நாடுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் வாக்கில், "அடுத்த ஆண்டும் இருப்பீர்களா?" என்று பள்ளி கேட்கும். அந்தப் பதிலை யோசித்துச் சொல்லுங்கள். சொன்ன பின் மாற்றாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை விமானம் ஏறிய மறுமாதமே பணத்தை எதிர்பார்க்காதீர்கள். முதல் சம்பளம் மாத முடிவில்தான் வரும். அதற்குள் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அவள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அந்தப் பணத்துக்காக வட்டி முதலையிடம் போகாதீர்கள். முடிந்தால் ஆறு மாதம் முன்பிருந்தே சிறுகச் சிறுகச் சேர்த்து வையுங்கள்.

அங்கே முதலாளி ஊழியர் சேமநிதி கட்டமாட்டார். ஆனால் நம் ஊழியர் சேமநிதி வாரியத்தில் நாமே விரும்பிச் செலுத்தலாம். ஆண்டுக்கு 100,000 வெள்ளி வரை இடமுண்டு. வீட்டுக்கு அனுப்புவதில் ஒரு பங்கை அங்கே போடச் சொல்லுங்கள். படிப்புக் கடனின் தவணையும் தவறக் கூடாது. பத்தாண்டு கழித்து ஊர் திரும்பும்போது கையில் ஒன்றுமில்லை என்றால், அத்தனை நாள் பிரிந்திருந்ததற்கு என்ன அர்த்தம்?

அந்தப் பெண் தன் முதல் விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்தபோது, அடகிலிருந்து சங்கிலியை மீட்டுத் தாயின் கழுத்தில் போட்டாள். பிறகு தன் ஒப்பந்தத் தாளை எடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினாள். தகப்பனார் கடைசிவரை கேட்டுவிட்டு, "என் தாத்தாவுக்கு இதை யாரும் படித்துக் காட்டவில்லையே அம்மா" என்றார்.

உங்கள் வீட்டுக்கு அடுத்த மாதம் ஒரு கடிதம் வரலாம். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, முழுவதையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத வரி இருந்தால் பள்ளிக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்த பிறகு பேனாவை எடுக்கட்டும்.